புளிக்கத் தொடங்கிய இடம்

நான் விட்டுவந்த இடத்துக்கு வேலைக்கு வந்திருக்கும் பெண் சென்ற வாரம் வீட்டுக்கு வந்திருந்தாள். பால் குளிரூட்டு நிலையத்தில் ஆய்வக வேலை. கிராமங்களிலிருந்து லாரியில் வரும் பாலை வாங்கலாமா, திருப்பி அனுப்பலாமா என்று சொல்வதுதான் அந்த வேலை. புளித்த பாலை மூடி திறந்ததுமே நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். "மூக்கை எப்படிங்க்கா பழக்கறது?" என்று கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன். காப்பி கொடுத்து அனுப்பினேன். அவள் தெருமுனை திரும்பியதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள்மேல் அல்ல. பாவம், அவள் புதிது.

ஓய்வு பெற்றவர்கள் தலை நரைத்த பிறகு அனுபவம் எழுதுவார்கள். எனக்கு இன்னும் நரைக்கவில்லை. மூத்தவள் பள்ளிக்கூடம் போகிறாள். சின்னவள் இன்னும் பால் குடிக்கிறாள். ஆனாலும் ஒரு வேலையில் சேர்ந்து, செய்து, விட்டு வெளியே வந்தவள் என்ற முறையில் எனக்கும் எழுத உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். இருக்கிறதா என்ற சந்தேகமும் கூடவே வருகிறது. எதை எழுதினாலும் இரண்டு முறை அடித்துவிட்டு எழுதுகிறவள் நான். நிலையத்தின் பெயரையும் ஊரையும் எழுதப்போவதில்லை. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையில் ஏதோ ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சேலத்தில் வேதியியல் படித்தேன். படித்த கையோடு பால் பரிசோதனைக்குச் சில மாதப் பயிற்சி. எழுபதுகளின் கடைசியில் வேலை கிடைத்தது. கல்யாணமும் அதை ஒட்டியே நடந்தது. கணவர் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை. பயிற்சியைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். உண்மையில் வேலையைக் கற்றுக்கொண்டது லாரி வந்து நிற்கும் மேடையில்.

வேலை இப்படி நடக்கும். லாரி பின்பக்கமாக வந்து மேடையோடு ஒட்டி நிற்கும். கேன்களை உருட்டி வரிசையாக வைப்பார்கள். நான் ஒவ்வொரு மூடியாகத் திறக்க வேண்டும். பாலை முகர்ந்து பார்க்கக் கூடாது. மூடியைக் கவிழ்த்து அதன் உள்பக்கத்தை முகர வேண்டும். வழியெல்லாம் பால் குலுங்கி, அதன் ஆவி மூடியில்தான் தங்கியிருக்கும். திறந்த முதல் மூச்சில் தெரியாதது இரண்டாவது மூச்சில் தெரியாது. பத்துப் பதினைந்து கேன் பார்த்ததும் மூக்கு மரத்துப்போகும். அப்போது முகத்தைத் திருப்பிச் சொந்த முழங்கையை முகர்ந்துகொள்ள வேண்டும். நம் தோலின் வாசனை வந்ததும் மூக்கு பழைய நிலைக்கு வரும். மேற்கிலிருந்து காற்று அடித்தால் ஜவ்வரிசி மில்லின் கழிவுத் தண்ணீர் நாற்றம் வரும். அதுவும் புளிப்பு நாற்றம். அன்றைக்கு மூக்கை நம்பவே கூடாது.

சந்தேகம் வந்த கேனிலிருந்து கொஞ்சம் பால் எடுத்துச் சோதனைக் குழாயில் கொதிக்க வைப்போம். நல்ல பால் கொதிக்கும். புளிக்கத் தொடங்கிய பால் திரிந்துவிடும். அதற்குமேல் அளந்து பார்க்க வேண்டுமானால், பாலில் நிறங்காட்டி இரண்டு சொட்டு விட்டு, மேலேயிருந்து காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். புளிப்பு முழுவதும் அடங்கியதும் பால் இளஞ்சிவப்பாக மாறும். எவ்வளவு காரம் செலவானதோ அவ்வளவு புளிப்பு. எனக்கு இந்தச் சோதனை மிகவும் பிடிக்கும். சந்தேகப் பிராணிக்கு அந்த இளஞ்சிவப்பைப் போல நிம்மதி தரும் பொருள் வேறில்லை.

எங்கள் மேலாளர் சென்னைப் பக்கத்திலிருந்து வந்தவர். குரலை உயர்த்தியதே இல்லை. மடிப்புக் கலையாத கைக்குட்டை ஒன்று எப்போதும் கையில் இருக்கும். மேடைக்கு வந்தால் கேன்களுக்கு நாலடி தள்ளித்தான் நிற்பார். அவருக்கு ஆங்கிலச் சொற்களின் வேர் தேடுவதில் பெரிய பிரியம். மேசைமேல் கனமான அகராதி ஒன்று இருந்தது. பால் பற்றிய புத்தகங்கள் அதற்கு அடியில் இருந்தன.

சேர்ந்த புதிதில் நான் ஒரு கேனுக்கு, புளித்தது என்பதற்கு ஆங்கிலத்தில் 'சவர்' என்று குறித்திருந்தேன். எல்லோரும் சொல்வது அதுதான். அவர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"சவர்னு எழுதாதேம்மா. அது கடைத்தெருச் சொல். இதுக்குன்னே ஒரு சொல் இருக்கு. அசெஸன்ட்."

பிறகு பொறுமையாக விளக்கினார். லத்தீனில் 'அசெரெ' என்றால் புளிப்பாக இருப்பது. 'அசெஸ்கெரெ' என்றால் புளிக்கத் தொடங்குவது. அதிலிருந்து வந்ததுதான் அசெஸன்ட்: புளித்துவிட்டது அல்ல, புளித்துக்கொண்டிருக்கிறது. இன்னும் கீழே தோண்டிப் போனால் அதன் வேருக்குப் பொருள் புளிப்பே அல்ல, கூர்மை. லத்தீனில் ஊசிக்குப் பெயர் அந்த வேரிலிருந்துதான் வந்தது. கத்தியின் ஓரத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'எட்ஜ்' அதன் தூரத்து உறவு. காடிக்கு லத்தீனில் இருந்த பெயரும், நாம் சொல்லும் ஆசிட்டும் அதே குடும்பம். நாக்கில் குத்துவதால் அந்தப் பெயர். சொல்லின் வால்பகுதி இருக்கிறதே, அது 'அடலஸன்ட்' என்பதிலும் இருக்கிறது, வளர்ந்துகொண்டிருக்கிற பிள்ளை. ஒன்று இன்னொன்றாக மாறிக்கொண்டிருப்பதைக் காட்டும் வால் அது.

சொல்லி முடித்து, ரசித்துச் சிரித்தார். எனக்கும் அன்றைக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இப்போது கோபத்தில் எழுதினாலும் அதை மறைக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து கணவரிடம் அப்படியே ஒப்பித்தேன். "ஊசிக்கும் புளிக்கும் சொந்தமா? உங்க ஆபீசுல வேலையே இல்லையா?" என்றார் அவர்.

திருப்பி அனுப்பும் பாலுக்கு எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அந்தக் கேனில் நீலம் ஊற்றுவார்கள். வெள்ளை வேட்டிக்குப் போடுகிறோமே, அது போன்ற நீலம். திருப்பிய பாலை வேறு கேனில் கலந்து மறுபடி கொண்டுவந்துவிடக் கூடாது என்பதற்காக. புளிக்கத் தொடங்கிய பால் விஷமல்ல. உறை ஊற்றினால் தயிர். கடைந்தால் மோர், வெண்ணெய். நீலம் விழுந்தால் எதற்கும் ஆகாது. அந்தக் கேன் வந்த லாரியிலேயே ஊர் திரும்பும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கிளீனர் மூடியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போவான். யார் வீட்டுப் பால் நீலமாகத் திரும்பியது என்று வழி முழுக்கத் தெரிந்துவிடும்.

இனி சரோஜாவின் கேனுக்கு வருகிறேன்.

எங்கள் லாரித் தடத்தில் முதல் நிறுத்தம் ஒரு தோட்டத்து வீடு. பசுக்கள் நிறைய. ஊர்ப் பால் சங்கத்துக்குப் போகாமல் அவர்களே ஒரு கேனை நிரப்பி நேராக லாரியில் ஏற்றுவார்கள். கேனின் கழுத்தில் சிவப்பு வளையம் வரைந்திருக்கும். முதலில் ஏறுவதால் மற்றக் கேன்களைவிட அதிக நேரம் வெயிலில் கிடப்பதும் அதுதான். முன்பெல்லாம் அந்த வீட்டு அம்மாதான் கறந்துகொண்டிருந்தார். மகனுக்குக் கல்யாணமாகி, சரோஜா மருமகளாக வந்ததும் கறவை அவள் கைக்கு மாறியது. அது எண்பதுகளின் தொடக்கம், ஒரு கோடைக்காலம். அந்தக் கோடையில்தான் சிவப்பு வளையக் கேன் நீலமாகத் திரும்பத் தொடங்கியது. வாரத்தில் ஒரு முறை, பிறகு இரண்டு முறை, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள்.

எங்கள் பக்கம் பால் கெட்டால் மாட்டை முதலில் பார்க்க மாட்டார்கள். கறந்த கையைப் பார்ப்பார்கள். சரோஜாவின் கையைப் பார்த்தார்கள். புளிச்ச கை என்று பெயர் வைத்தார்கள்.

அதே கோடையில் நிலையத்தில் வேறொன்றும் நடந்தது. கேன் கழுவும் இடத்துக்கு வெந்நீரும் ஆவியும் தரும் பாய்லர் நின்றுவிட்டது. பால் கேனை வெந்நீர் ஊற்றித் தேய்த்து, ஆவி காட்டி, கவிழ்த்துக் காய வைத்துத்தான் திருப்பி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் கழுத்து மடிப்பில் ஒட்டிய பழைய பால் அங்கேயே புளித்து, மறுநாள் ஊற்றும் புதுப்பாலுக்கு உறைமோராகிவிடும். எந்த வீட்டுப் பெண்ணுக்கும் தெரிந்த விஷயம் இது. கேன் கழுவும் மாரப்பனிடம், "என்னண்ணா, பச்சைத் தண்ணியிலயா கழுவறீங்க?" என்று கேட்டேன்.

"வெந்நியா? எனக்கு டீக்கே வெந்நி இல்லீங்க அம்மிணி" என்றார். அவர் எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். "கேனெல்லாம் பொறந்த ஊட்டுக்குப் போற புள்ளையாட்ட மூஞ்சி கழுவிட்டுப் போவுது. அதுக்கு மேல என்ன?"

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. பழுது பார்க்க மேலிடத்துக்கு எழுதினால் ஏன் நின்றது, யார் பொறுப்பு என்று கேள்வி வரும். அவருக்குச் சேலத்துக்குப் பதவி உயர்வோடு மாற்றல் வரும் நேரம். கோடை முடியட்டும் என்றார். "பால் புளிக்கிறது இயற்கைம்மா. அந்தச் சொல்லே அதைத்தான் சொல்லுது."

அன்றைக்குத் திரும்பி வந்துவிட்டேன். மேலதிகாரி முடிவு செய்தால் அது முடிவு என்று வளர்க்கப்பட்டவள் நான். அதோடு அந்தச் சமயம் என் மனம் முழுக்க வேறு இடத்தில் இருந்தது. மூத்தவள் பிறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தேன். குழந்தைக்கு வயிறு சரியில்லை. என் மாமியார் கெட்டவர் இல்லை. பகலெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். ஆனால் சாயங்காலம் நான் வாசல் ஏறும்போதே சொல்வார்: "வெயில்ல வந்திருக்கற சாமி. உடனே புள்ளைய எடுத்துராத. பால் புளிச்சிருக்கும். மொதப் பாலைப் பீச்சி ஊத்திப்போட்டுக் குடு."

நான் அப்படியே செய்தேன். குழந்தை உள்ளே அழும். நான் கிணற்றடியில் நின்று என் பாலை மண்ணில் பீச்சிக்கொண்டிருப்பேன். புளிப்பை அளப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள்.

ஒருநாள் மதியம் பொறுக்க முடியவில்லை. வேண்டுமென்றே நல்ல வெயிலில் மேடையில் நின்று கடைசி லாரி வரை இறக்கிவிட்டு, ஆய்வகக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கண்ணாடிக் குவளையில் என் பாலைப் பீச்சினேன். முதலில் கொதிக்க வைத்தேன். திரியவில்லை. நிறங்காட்டி விட்டுக் காரக் கரைசலைத் திறந்தேன். பசும்பாலுக்குச் சொட்டுச் சொட்டாகக் காத்திருந்து பழகிய கை. இதற்கு ஆரம்பத்திலேயே இளஞ்சிவப்பு வந்து நின்றுவிட்டது. நாங்கள் முதல்தரம் என்று வாங்கும் பசும்பாலில் இருப்பதில் சிறு பங்கு புளிப்புகூட அதில் இல்லை.

பயிற்சியில் படித்தது அப்போதுதான் புரிந்தது. இந்தச் சோதனையில் எந்தப் பாலும் பிறவியிலேயே ஒரு சிறு அளவு காட்டும். அது புளிப்பே அல்ல, பாலின் குணம். மற்றதெல்லாம் வெளியே வந்த பிறகு, வைத்த பாத்திரத்திலும் நேரத்திலும் சூட்டிலும் வளர்வது. எந்த மடியிலிருந்தும் புளிப்பு சுரப்பதில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். மாமியார் வழக்கம்போலச் சொன்னார். நானும் வழக்கம்போலக் கிணற்றடிக்குப் போனேன். கரைசல் பழையதாக இருந்திருக்குமோ? ஆய்வகத்திலிருந்து வீடு வரை நடந்த வெயிலை நான் கணக்கில் எடுக்கவில்லையே? இப்படியெல்லாம் யோசித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அதன் பிறகு சில நாள் கழித்துத்தான் சரோஜா வந்தாள். சந்தைக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பஸ் ஏறி வந்திருந்தாள். ஆய்வகத்தின் சன்னலுக்கு வெளியே ஒரு பெண் நிற்கிறாள், சிவப்பு வளையக் கேன் வீட்டு மருமகளாம் என்று மாரப்பன் வந்து சொன்னார். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாக இருப்பாள். நான் சன்னலருகே போனதும் கம்பிகளுக்கு நடுவே இரண்டு கையையும் நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்த்தபடி.

"அக்கா, என்ற கையை மோந்து பாருங்க."

எனக்கு முதலில் புரியவில்லை.

"நீங்க மோந்தே சொல்லீருவீங்களாமா. சொல்லுங்க. புளிச்ச கைன்னா இன்னிக்கே எங்கூருக்குப் போயிர்றேன். அத்தை துணியெல்லாம் மூட்டை கட்டி வெச்சுட்டாங்க. எங்கய்யனை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லி ஆள் போயிருக்குது."

அந்தக் கைகளை முகர்ந்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. சாணம், சீயக்காய், காம்பில் தடவும் விளக்கெண்ணெய். சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரலிடுக்குகள் வெடித்திருந்தன. வெடிப்பில் வேப்பிலை அரைத்து அப்பியிருந்தாள்.

"ஒண்ணும் இல்லை சரோஜா" என்றேன்.

"இதை எங்கத்தைகிட்ட வந்து சொல்லுவீங்களாக்கா?"

மேலாளரிடம் அழைத்துக்கொண்டு போனேன். அவர் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார்; மரியாதையில் குறை வைக்க மாட்டார். நான் பாய்லரைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் கைக்குட்டையை எடுத்து உதட்டை ஒற்றினார்.

"நாம பாலைத்தான் சோதிக்கிறோம்மா. கையைச் சோதிக்கிறதில்லை. அவங்க வீட்டு விஷயத்துல நிலையம் தலையிட முடியாது." பிறகு அவளைப் பார்த்து, குழந்தைக்குச் சொல்வதுபோல, அந்தச் சொல்லை விளக்கினார். அசெஸன்ட். புளிக்கத் தொடங்குவது. ஊசி. கூர்மை. எல்லாவற்றையும். சரோஜா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். வெளியே வந்ததும், "அவிய என்ன சொன்னாங்கக்கா, என்ற கைதானுங்களா?" என்றாள்.

என் வாழ்க்கையில் எனக்கு உண்மையாகக் கோபம் வந்தது அந்த நிமிடம்தான். ஒரு சொல் எங்கே பிறந்தது, எந்த நாட்டு வழியாக வந்தது, யார் யாருக்குச் சொந்தம் என்று இரண்டாயிரம் வருடம் பின்னால் போய்த் தேடத் தெரிகிறது. 'தொடங்குவது' என்று அதற்குப் பொருள் சொல்லவும் தெரிகிறது. எங்கே தொடங்கியது என்று முப்பதடி தள்ளியிருக்கும் கேன் கழுவும் தொட்டி வரை போய்ப் பார்க்க மட்டும் முடியவில்லை. தெரியாதவராக இருந்தால் மன்னித்துவிடலாம். தெரிந்தவர்.

மறுநாள் விடிவதற்குள் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, காலிக் கேன்களோடு கிளம்பும் லாரியில் ஏறிவிட்டேன். பையில் சோதனைக் குழாய்களும் சாராய விளக்கும் இருந்தன. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. டிரைவர் என் கணவருக்குப் பழக்கமானவர். "என்னம்மிணி, ஊட்ல சண்டையா?" என்று மட்டும் கேட்டார்.

சரோஜாவின் மாமியார் உயரமான மனுஷி. நான் சொன்னதைத் தொழுவத்தில் நின்றபடியே கேட்டார். நம்பவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை. "என்ற மாடுங்க. என்னன்னு எனக்கும் தெரியோணுமல்ல" என்றார். சரோஜா கறந்தாள். நுரை அடங்குவதற்குள் கொஞ்சம் எடுத்து அந்த அம்மாவின் கண்ணெதிரிலேயே கொதிக்க வைத்தேன். திரியவில்லை. பிறகு பாலை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பாதி சிவப்பு வளையக் கேனில். இன்னொரு பாதி, அந்த வீட்டுப் பித்தளைக் குடத்தில். குடத்தை அவரே வெந்நீர் ஊற்றி அலசி, வாயில் துணி கட்டினார்.

"நீங்களும் வரோணுங்க" என்றேன்.

அவர் வந்தார். லாரியின் முன்சீட்டில், மடியில் குடத்தை வைத்து இரண்டு கையாலும் அணைத்தபடி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். "ஏனுங்காத்தா, பால்குடம் எந்தக் கோயிலுக்குங்க?" என்று ஒருவர் கேட்டார். வெயில் ஏறியது. தடம் முழுக்கச் சுற்றி நிலையத்துக்கு வந்தபோது குடம் தொட்டால் சுட்டது.

மேடையிலேயே, எல்லோரும் பார்க்கக் கொதிக்க வைத்தேன். என் கணிப்பு தவறாக இருந்தால் அந்தப் பெண்ணின் மூட்டையைக் கட்டிக் கொடுத்தவள் நானாகிவிடுவேன். கேனின் பால் குழாயில் சூடேறியதும் கட்டி கட்டியாகப் பிரிந்தது. குடத்தின் பால் பொங்கி வழிந்தது. ஒரே மாடுகள், ஒரே கை, ஒரே லாரி, ஒரே வெயில்.

அந்த அம்மா இரண்டு குழாய்களையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இந்தக் கேனை ஆருங்க கழுவறது?"

மேலாளர் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். கடைசியில் மாரப்பன்தான் சொன்னார், முதல் தடவையாகச் சிரிக்காமல். "நாந்தானுங்க. பச்சத்தண்ணியில."

"எத்தனை நாளா?"

"கோடை பொறந்ததுலருந்துங்க."

அந்த அம்மா மேலாளர் பக்கம் திரும்பினார். "ஏனுங்க சார், ஒரு வார்த்தை சொல்லப்படாதுங்களா? ஒரு புள்ளைய அவங்கப்பனை வரச்சொல்லி அனுப்பற வரைக்கும் போயிட்டமே."

அவர் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார். வெட்கப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. வெட்கப்பட்டிருந்தால் இத்தனை வருடம் கழித்து நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். பாய்லர் விஷயம் கவனத்தில் இருக்கிறது என்றார். பிறகு மேடையைப் பார்த்து, அமைதியாக, "அந்தக் கேன் திரிஞ்சிருக்கில்ல? நீலத்தை ஊத்துங்க" என்றார். விதி விதிதானாம்.

ஊற்றினார்கள். எங்கள் தொட்டியில் புளிக்க ஆரம்பித்த பாலுக்கு, அந்த அம்மாவின் கண்முன்னால், எங்கள் ஆளே நீலம் ஊற்றினார். நல்ல பாலை நிலையத்துக்கு ஊற்றிவிட்ட வெற்றுக் குடத்தோடும் நீலக் கேனோடும் அவர் அதே லாரியில் திரும்பிப் போனார்.

சரோஜாவின் மூட்டை அன்றைக்கே அவிழ்ந்தது. ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அப்பா வந்தபோது கோழியடித்துச் சோறு போட்டு அனுப்பினார்களாம். பாய்லரும் சில நாளில் சரியானது. கோடை முடியும் வரை காத்திருக்க வேண்டும் என்று சொன்னதைச் சரிசெய்ய இவ்வளவு குறைந்த நேரம் போதும் என்பதும் என் கோபத்தில் சேர்ந்திருக்கிறது. எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது: ஆய்வகப் பொருட்களை அனுமதியின்றி வெளியே கொண்டுபோனது ஏன்? பணிவாகப் பதில் எழுதினேன். மேலாளருக்குச் சேலத்துக்கு மாற்றல் வந்தது. வழியனுப்பு விழாவில் மாலை போட்டார்கள். 'தரம்' என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லின் வேரைச் சொல்லி அரைமணி நேரம் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு அந்த மேடையில் நிற்கப் பிடிக்கவில்லை. மூடியைக் கவிழ்த்து முகரும்போதெல்லாம் கம்பிக்கு நடுவே நீண்ட கைகள் ஞாபகம் வந்தன. கொஞ்ச நாளில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். குழந்தைக்காக என்றுதான் எழுதினேன். அது பாதி உண்மை. இருந்திருக்க வேண்டுமோ, இருந்து அடுத்த கோடையில் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமோ என்று இன்றும் நினைப்பதுண்டு. சென்ற வாரம் வந்த பெண் கிளம்பும்போது, பேச்சோடு பேச்சாக, "இப்பவும் வெயில் காலத்துல வெந்நி பத்தறதில்லைங்க்கா" என்றாள். மூக்கைப் பழக்குவதற்குச் சொன்னதோடு நிறுத்தியிருக்கக் கூடாது. மறுநாளே அவளுக்கு ஆள் விட்டுச் சொல்லியனுப்பினேன்: வரும் கேனை முகர்வதற்கு முன்னால், போகும் கேனை முகர்ந்து பார்.

சரோஜாவை அதற்குப் பிறகு ஒரு தடவை பார்த்தேன். அவள் தோட்டத்துப் பக்கம் நான் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது என்னைத் தொழுவத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கறவை நேரம். மாட்டருகே உட்காரும் முன் தொட்டித் தண்ணீரில் கை கழுவினாள். உட்காரப் போனவள் திரும்பி வந்து சாம்பல் எடுத்து மறுபடியும் கழுவினாள்.

"இன்னும் என்ன சரோஜா, அதான் தெரிஞ்சு போச்சே" என்றேன்.

"தெரியுமுங்க்கா" என்றாள். விரல்களை விரித்துப் பார்த்தாள். "இருந்தாலும்..."

நேற்று ரேஷன் கடையில் நின்றுவிட்டு உச்சி வெயிலில் வீட்டுக்கு வந்தேன். சின்னவள் அழுதுகொண்டிருந்தாள். உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது: "வெயில்ல வந்திருக்கற சாமி..." நான் கிணற்றடிக்குப் போகவில்லை. குழந்தையை வாரியெடுத்து உட்கார்ந்து பால் கொடுத்தேன். அவள் குடித்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

ஆனால் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நொடி, என் கை முந்தானையைப் பிடித்தபடி அப்படியே நின்றது. அளந்து பார்த்த கை. குழாயில் இளஞ்சிவப்பைக் கண்ணால் பார்த்தவள் நான். அந்த ஒரு நொடியைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.